சளிக்கணக்கு டீச்சர்

எங்கள் வீட்டு மாடியறையில் நாலு வருஷம் குடியிருந்தவருக்கு வேலை, சளியைப் பற்றிக் கணக்குப் போடுவது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூக்கில் ஒழுகுகிற, தொண்டையில் கட்டுகிற, நெஞ்சில் கரகரக்கிற அதே சளிதான். அதற்குள் ஒரு வைரஸ் விழுந்தால் எப்படி நகரும், எங்கே போய்ச் சேரும், எத்தனை நேரமாகும் என்று காகிதத்தில் எழுதுவார். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பார். களமசேரியில் ஒரு கேம்பஸில் ஏதோ திட்டத்தில் இருந்தார். காலை ஏழு மணிக்கு பஸ் பிடிக்கப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்.

முதல் நாள் இதைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் நான் அடுக்களைக்குள் ஓடிவிட்டேன். நாற்பது வயதாகிற ஒரு பெண், டாக்டர் பட்டம் வாங்கியவர், மூக்குச்சளிக்குக் கணக்கெழுதத் திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரி வரை வருவாரா? அவருக்குப் பாடம் நடத்துகிற வேலையே கிடையாது. ஆனாலும் இங்கே படித்த பெண் என்றால் டீச்சர்தான். சளிக்கணக்கு டீச்சர் என்று நான்தான் பேர் வைத்தேன். தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. அவர் காதுக்கும் போயிற்று. “சரியான பேர்தான் சேச்சி” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார். எனக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது.

யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனுக்குப் போகிற வழியில், மிளகும் சுக்கும் அடுக்கிய கோடவுன்களுக்கு நடுவில் எங்கள் இட்டிலிக்கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா போட்டது. நானும் அக்காவும் பிறந்து வளர்ந்தது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். என் தமிழ், இட்டிலி கட்ட வாங்கிய பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துப் பிடித்தது. அதனால் டீச்சர் பேசுகிற தமிழைக் கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் பேசினால்தானே!

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடையில் யாராவது தும்மினால் உடனே தலையைத் தூக்கிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். தும்மியவரைப் பார்க்க மாட்டார். “டீச்சர் தும்மலுக்கு நேரம் குறிக்காங்க, சூக்ஷிச்சு, பாத்துத் தும்முங்க” என்று எங்க வீட்டுக்காரர் கேலி செய்வார். கோடவுன் ஆட்கள் அவரைக் கண்டால் தும்மலை அடக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் உண்டு.

அதெல்லாம் சும்மா. தெருவுக்கு அவர்மேல் உண்மையான கோபம் வேறொன்றில் இருந்தது. ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? ஒண்ணும் ஆகாது, பயப்படாதே என்போம். சொல்வதற்கு யோசிக்கவே மாட்டோம். அந்த வார்த்தை டீச்சர் வாயில் வராது. தலைகீழாக நின்றாலும் வராது.

கோடவுனில் மூட்டை தூக்குகிற தாசன் சேட்டன் ஒருநாள் சாயா குடித்துக்கொண்டே கேட்டார். “டீச்சரே, மோளுக்கு நாலு திவசமாயிட்டு பனி. பேடிக்கான் ஒந்நும் இல்லல்லோ?” காய்ச்சலை இங்கே பனி என்பார்கள். மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லையே என்கிறார். மனுஷன் கேட்டது வைத்தியம் இல்லை, ஒரு ஆறுதல். அதுவும் வைரஸையே கரைத்துக் குடித்தவர் வாயிலிருந்து.

டீச்சர் கையிலிருந்த இட்டிலியைத் தட்டில் வைத்தார். “தெரியாது சேட்டா. இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டிருங்க.”

தாசன் சேட்டன் முகம் செத்துப்போயிற்று. பாதி சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மகளுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு டீச்சர் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் அவர் உட்கார மாட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒரு வார்த்தை ஒண்ணுமில்லேன்னு சொன்னா வாயில இருக்க முத்தா உதிந்திரும்?” என்று கேட்டேவிட்டேன்.

“தெரியாதத எப்படிச் சேச்சி சொல்ல?” என்றார். திமிராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் பரிதாபமாகக் கேட்டார்.

அவர் வேலை எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு வடித்த கஞ்சி பாத்திரத்தில் ஆறிக் கொழகொழவென்று இருந்தது. தண்ணீர் எடுக்க வந்தவர் அதைக் குனிந்து பார்த்தார். மிளகுத்தூள் டப்பாவைத் திறந்து, கேட்காமலே ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவினார்.

“ஐயோ, அது மாட்டுக்கு வச்சதாக்கும்!”

“சளின்னா அழுக்குன்னு நினைக்கோம் சேச்சி. அதுதான் நமக்குக் காவல். உள்ளுக்குள்ள இந்தக் கஞ்சி மாதிரி ஒரு படலம். சும்மா இருக்காது, மெதுவா மேல ஏறி வந்துகிட்டே இருக்கும், தொண்டை வரைக்கும். நாம தெரியாமலே முழுங்கிருவோம். வைரஸுக்குக் காலும் கிடையாது, புத்தியும் கிடையாது. இந்த மிளகுத்தூள் மாதிரி விழுந்து, இடிபட்டு இடிபட்டு அங்கயும் இங்கயும் போகும். படலம் அத மேல தூக்கிட்டுப் போறதுக்குள்ள அடியில இருக்க சதையத் தொட்டுச்சுன்னா, வியாதி.”

“தொடலேன்னா?”

“முழுங்கிருவோம். பெரும்பாலும் வயித்துலயே செத்துரும்.”

“அப்ப பயப்படண்டா, அல்லே?”

அவர் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெரும்பாலும் சாகுறது என் வேலை இல்ல சேச்சி. தப்பிச்சுப் போய் மொதல்ல தொடுற ஒண்ணு இருக்கும்லா, அது எப்பத் தொடும்ங்கிறதுதான் என் வேலை.”

காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரை அந்தத் தப்பித்துப்போன ஒன்றின் பின்னாலேயே சுற்றுகிறவரிடம் போய் ஒண்ணும் ஆகாதென்று சொல்லச் சொன்னால் அவர் எப்படிச் சொல்வார்? அன்றைக்கு எனக்கு அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. மாடு அந்தக் கஞ்சியைக் குடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கென்று இருந்தது திருநெல்வேலியில் ஒரு அண்ணன். அண்ணன் மகனுக்கு ஒருமுறை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். பதறிப்போய் அண்ணன் போனில் கேட்டிருக்கிறார், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல என்று. இவர் சொல்ல முடியாது அண்ணா என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் என் பிள்ளைக்குக் கெட்டவாய் வைத்தவள் என்று அண்ணி ஒரே பிடியாக நின்றுவிட்டாளாம். அதோடு பேச்சு நின்றது. நான் வற்புறுத்தி வற்புறுத்திக் கேட்டு, மூன்றாம் வருஷம்தான் இதைச் சொன்னார்.

அந்த வருஷம் பொங்கலன்று லீவு போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் கிடந்தது. நான் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அண்ணன் விளிப்பாரா டீச்சரே?”

“தெரியாது சேச்சி” என்றார். அவர் சொன்ன தெரியாதுகளிலேயே எனக்கு வலித்தது அதுதான். மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தார். போன் அடிக்கவில்லை. நீங்களே விளிச்சால் என்ன என்று கேட்டேன். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

இனி என் அக்கா கதைக்கு வரவேண்டும். வராமல் இருக்க முடிந்தால் வந்திருக்க மாட்டேன்.

அக்கா பள்ளுருத்தியில் இருந்தாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் வளைகுடாவில். அக்காவுக்குக் கிட்னி மாற்றிவைத்து மூன்று வருஷமாகியிருந்தது. வேறொருவர் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, உடம்பின் எதிர்ப்பையே மட்டுப்படுத்துகிற மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். அதனால் சாதாரணச் சளிகூட அவளுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். டீச்சர் வந்த நாலாம் வருஷ மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து, மூன்று ஞாயிறு போகவில்லை. காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை.

அக்கா போன் செய்தாள். “எந்தாடி, மறந்துட்டியா? சுவரப் பாத்துப் பேசிப் பேசி இப்ப சுவரே பதில் சொல்லத் தொடங்கிடுச்சு.”

“சளி விடலக்கா.”

“உன் சளி எனக்குப் புதுசா? ஒரே பாயில கிடந்து வளந்தவங்கதானே. வாடி.”

மாடியேறி டீச்சரிடம் கேட்டேன். இருமல் முழுசாக நிற்கட்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். “போனா ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?” என்று நானும் கேட்டேன். தாசன் சேட்டனுக்காகச் சண்டை போட்டவள் நான். எனக்கென்று வரும்போது அதே கேள்விதான் வந்தது.

“தெரியாது சேச்சி. போகாம இருந்தா நல்லது.” என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காகிதம் எடுத்தார். போயே தீரவேண்டுமென்றால் மாஸ்க் கழற்றக் கூடாது, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், ஜன்னலோரம் நான் தள்ளி உட்கார வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். “சத்தியமா இப்படியே செய்றேன் டீச்சர்” என்றேன்.

போனால், அக்கா நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வருவதற்காக. ஐந்து நிமிஷம் காகிதத்தில் எழுதியபடி ஜன்னலோரம் இருந்தேன்.

“அந்தத் துணிய எடுடி. முகம் காணட்டும்.”

“டீச்சர் சொல்லியிருக்காங்கக்கா.”

“ஆஸ்பத்திரில நர்ஸ் கையுறை போட்டுத்தான் தொடுறா. அடுத்த வீட்டுக்காரி வாசல்ல நின்னு குசலம் கேட்டுட்டுப் போயிடுறா. நீயும் ஜன்னல்ல உக்காரு. நல்லா இரு.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மாஸ்க்கைக் கழற்றினேன். சாரல் அடித்ததால் ஜன்னலையும் சாத்தினேன். அக்காவுக்குத் தலைவாரிவிட்டேன். கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். பிறகு அவள் கட்டிலில், அவள் தலையணையில் நானும் தலைவைத்துச் சாயங்காலம் வரை படுத்திருந்தேன். என்னவெல்லாமோ பேசிச் சிரித்தோம். நாலைந்து தடவை எனக்கு இருமல் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினேன். அக்கா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனை. கூட்டத்தில் பாதி நாள் உட்கார்ந்திருந்தாள். வியாழன் காய்ச்சல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, மூச்சுவிட முடியாமல் போய்விட்டாள்.

உன்னால் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எங்க வீட்டுக்காரர் சொன்னார், அக்கா மகன் போனில் அழுதுகொண்டே சொன்னான், தாசன் சேட்டன்கூடச் சொன்னார். அவர்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஆறுதலுக்குச் சொன்னது மனசில் ஒட்டுமா? காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மாடியேறிப் போனேன். உலகத்திலேயே எனக்குச் சமாதானம் சொல்லாத ஒரே ஆள் அங்கேதான் இருந்தார்.

“டீச்சர், அது நான் கொண்டு போய்க் குடுத்ததா?”

இல்லை என்று உடனே சொல்லவில்லை. என்னை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு, “ஞாபகம் இருக்கத மட்டும் சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க” என்றார். “ஜன்னல் திறந்திருந்துச்சா?”

எல்லாவற்றையும் சொல்லத்தான் போயிருந்தேன், சத்தியமாக. ஆனால் என் வாய், “திறந்திருந்துச்சு” என்றது.

“மாஸ்க்?”

“போட்டிருந்தேன்.”

“எவ்வளவு தூரம்?”

“ஜன்னல்கிட்ட. நீங்க எழுதித் தந்த மாதிரி.”

“எவ்வளவு நேரம்?”

“கால் மணி.”

“இருமுனீங்களா?”

“இல்ல.”

முதல் பொய்க்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் எழுதிக்கொடுத்ததை மீறினேன் என்று சொல்ல வெட்கமா, அந்தத் தலையணையை அவர் காகிதத்தில் எழுதிவிடுவார் என்ற பயமா? யார் சொன்னதையும் லேசில் நம்பாத டீச்சர், நான் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் அவர் களமசேரிக்குப் போகவில்லை. இரண்டுமுறை இறங்கி வந்து ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார். அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள், அக்கா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் யாராவது இருமினார்களா? அக்கா போனில் என்னிடம் சொல்லியிருந்ததை அப்படியே சொன்னேன். அதெல்லாம் உண்மை. சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் அப்படியே ஆறிக்கிடந்தது. ஒருத்தியுடைய பாவத்தைக் கணக்குப் பார்க்க இன்னொருத்தி இப்படி உட்கார்வாளா? எனக்கு அறை வாசலில் நிற்கவே கால் கூசியது.

நாலாம் நாள் காலை வியாபாரம் முடிந்து நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களைக்குள் வந்து, மாவோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யாரையும் தொட்டுப் பேசுகிறவரே இல்லை அவர்.

“சேச்சி, நீங்க இல்ல.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எப்படி மாத்தி மாத்திப் போட்டாலும் வரல சேச்சி. நீங்க இருந்த தூரத்துக்கு, அந்த நேரத்துக்கு, உங்ககிட்ட இருந்து போயிருக்காது. ஆஸ்பத்திரிலதான் தொத்தியிருக்கணும். உறுதியாச் சொல்லுதேன். நீங்க இல்ல.”

அவர் கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. “எனக்கும் இப்படி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வருது பாத்தீங்களா? தெரிஞ்சு சொல்லுதேன் சேச்சி, ஆறுதலுக்குச் சொல்லல.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் சாத்தியிருந்தது டீச்சர், நான் அவள் மூச்சுக்காற்று படுகிற இடத்தில் படுத்திருந்தேன் டீச்சர் என்று. சொன்னால் என் கையை விட்டுவிட்டு மாடியேறிப் போவார். திரும்பி வரும்போது என்ன கொண்டுவருவார்? அவர் முகத்திலிருந்த அந்தச் சிரிப்பு என்னாகும்? இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “சரி டீச்சர்” என்றேன். அழுகை வந்தது. நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்குக் கீழேயே உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். தோசை நன்றாக இருக்கிறது என்றார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த வாரமே அவர் அண்ணனுக்குப் போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியாது, மாடியில் அழுகைச் சத்தமும் கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தமும் கேட்டது. இரண்டு மாதத்தில் திட்டம் முடிந்தது. வடக்கே போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அண்ணன் கூப்பிட்டதால் திருநெல்வேலிக்கே போய் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டார். ஆட்டோ ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தன வருஷ வேலையில ஒரே ஒருத்தருக்காவது பிரயோசனம் ஆச்சு சேச்சி. அது நீங்கதான்” என்றார். தாசன் சேட்டன் பெட்டி தூக்கி வைத்தார்.

இப்போதும் மாதம் ஒருமுறை போன் செய்வார். நிறையப் பேசுகிறார். அண்ணன் பிள்ளைகள் என்னென்ன சேட்டை செய்கிறார்கள், அண்ணி என்ன சமைத்தாள், எல்லாம் சொல்வார். பின்னால் எப்போதும் வீடு நிறைய ஆள் சத்தம். கடைசியில் ஒன்று மறக்காமல் கேட்பார். “தூக்கம் வருதா சேச்சி?”

“வருது டீச்சர்.”

போன வாரம் எப்படியும் சொல்லிவிடுவது என்று எங்க வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு நானே கூப்பிட்டேன். “டீச்சர், அந்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல” என்று தொடங்கினேன்.

“அத நினைக்கவே நினைக்காதீங்க சேச்சி. அதான் நான் பாத்துச் சொல்லிட்டேன்லா?” என்றார். ஒரு குழந்தை அத்தை அத்தை என்று அவரைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. “இந்தா வாரேன்டா. சேச்சி, அப்புறம் கூப்பிடுதேன், என்ன?”

போன் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு, அது நானா இல்லையா என்று உண்மையைச் சொல்லக்கூடியவர் எனக்கு அவர் ஒருத்தர்தான். அவரிடம்தான் நான் சொல்ல முடியாது.